நாகூர் போய் வந்த தடிப்பு

கீவளூர் தாண்டும்போதே நாகநாதனுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. திருவாரூரில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுப் படியேறுவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு. கீழுதடு கத்திரிக்காய் போல வீங்கித் தொங்கியது.

"என்னடா இது கோலம்?" என்று பதறினாள் அம்மா ஞானாம்பாள்.

இறால் என்று சொல்ல முடியுமா? கிருத்திகையன்று வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத வீடு.

"பஸ்ஸுல ஏதோ பூச்சி கடிச்சிடுச்சும்மா."

ஷார்ஜாவில் முதல் வருஷம் ஊர் நினைப்பில் தயிர்சாதத்தைப் பார்த்தே கண்கலங்கியவன் நாகநாதன். அவனைத் தேற்றியது அறைத்தோழன் மீரா உசேன் வறுத்த இறால்தான். அப்புறம் வெள்ளிக்கிழமை என்றாலே இறால். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர், டேப்ரிக்கார்டரில் பழைய பாட்டு. தொண்ணூற்று நாலில் விடுமுறைக்கு வந்தவன், வேடிக்கை பாருங்கள், அம்மாவின் வத்தக்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அறைக்காக ஏங்கினான்.

உசேன் கொடுத்தனுப்பிய பார்சலைச் சேர்க்க இன்று நாகூர் போனான். உசேனின் மனைவி மெஹராஜ் பேகம் அவனுக்கென்றே தனியாகச் சாம்பார் வைத்திருந்தாள். இவன்தான் வெட்கத்தை விட்டு, "இறால் இருக்குங்களா?" என்று கேட்டு இரண்டு தட்டு காலி செய்தான்.

பூச்சி என்றதும் ஞானாம்பாள் வேப்பிலையை அரைத்துப் பூசினாள். அரிப்பு முதுகுக்கும் பரவியது.

"பூச்சியில்லம்மா. இந்தப் புது சென்ட்டா இருக்கும்" என்றான்.

அவன் ஆசையாய் வாங்கி வந்த ஐந்து பாட்டிலும் சாக்கடையில் கவிழ்ந்தன. அன்று அந்தத் தெருக் கொசுவெல்லாம் மணந்தது. அந்த நெடியில் நாகநாதனுக்கு இழுப்பே வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினார்கள். ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு டாக்டர் கேட்டார்: "இறால், நண்டு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நாங்க சைவம் டாக்டர்! முட்டையைக்கூடத் தொட மாட்டான்" என்றாள் ஞானாம்பாள்.

"சாம்பார்ல தவறிப்போய் ஒண்ணு விழுந்திருக்கலாம்" என்று இழுத்தான் நாகநாதன். "இதுதான் முதல் தடவை."

"முதல் தடவைக்கு இப்படி வராதே தம்பி. உடம்புல காவல்காரங்க இருக்காங்க. முதல்ல வர்றப்ப முகத்தை மட்டும் குறிச்சு வச்சுக்குவாங்க. திரும்ப வந்தாத்தான் தடியெடுப்பாங்க."

ஞானாம்பாளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. "சாம்பார்ல இறாலா? இனிமே அந்தப் பேகம் வீட்டு வாசலை மிதிச்சே, பாத்துக்க!"

தனக்காகப் புதுப் பாத்திரம் வாங்கிச் சமைத்தவள் மெஹராஜ் பேகம். நாகநாதனுக்கு நெஞ்சு உறுத்தியது.

"அவங்க மேல தப்பில்லம்மா. நான்தான் கேட்டு வாங்கித் தின்னேன். ஷார்ஜாவுலயும் ரெண்டு வருஷமா தின்னுட்டுத்தான் இருக்கேன்."

ஞானாம்பாள் தலையிலடித்துக்கொண்டாள். "நம்ம வம்சத்துலயே இல்லாத பழக்கம்டா! உங்கப்பா படத்து முன்னால எந்த முகத்தோட விளக்கேத்துவேன்?"



டீ குடிக்கப் போயிருந்த கம்பவுண்டர் ரெத்தினம் அப்போதுதான் உள்ளே வந்தார். வாசலில் வரும்போது இறால் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மா! போன தையில உங்களுக்கு நண்டு, இப்ப தம்பிக்கு இறாலா?"