ஓர் எலுமிச்சம்பழம், ஐந்து மேலாளர்கள்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யாதவர்கள் ஒரு வகை என்று நீங்கள் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வேலை நடப்பதற்கு ஏற்பாடு செய்கிறவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். காலையில் எழுந்ததிலிருந்து ஓயாமல் உழைப்பார்கள்; வியர்த்து வழியும், தொண்டை கட்டிக்கொள்ளும், செல்போன் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இது எப்படி முடிகிறது என்று கேட்கிறீர்களா? சும்மா வந்துவிடுமா? அதற்கென்று படிப்பு இருக்கிறது.

எம்.பி.ஏ. என்று அதற்குப் பெயர். அதில் கடைசி வருஷம் ஏதாவது ஒன்றைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிதி எடுத்தவன் கணக்குப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் கிடப்பான். மார்க்கெட்டிங் எடுத்தவன் எதையாவது நம் தலையில் கட்டிவிட்டுப் போவான். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. மேலாண்மைப் படிப்பில் சேர்ந்து, அதற்குள்ளே மேலாண்மையையே சிறப்புப் பாடமாக எடுக்கிறவன் ஒருவன் உண்டு பாருங்கள், தண்ணீரில் தண்ணீர் கலந்து குடிக்கிறவன், நான் சொல்லும் ஆள் அவன்தான்.

அப்படி ஒருவன் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறான். என் மனைவியின் தம்பி. ஒருமுறை அவளுடைய பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "என்னப்பா படிக்கிறே?" என்று கேட்டார்.

"மேனேஜ்மென்ட், பெரியப்பா."

"சரி, அதுல என்ன?"

"மேனேஜ்மென்ட்."

பெரியப்பா காதிலிருந்த கருவியைக் கழற்றி, தட்டிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "அதுல என்ன?" என்றார் மறுபடியும். அதே பதில்தான் வந்தது. பாவம், மறுநாளே கருவியை மாற்றிவிட்டார்.

இந்த வகையை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். இவன் எதையும் செய்ய மாட்டான், 'முன்னெடுப்பான்'. எதையும் மறக்க மாட்டான், 'ஃபாலோ அப்பில்' வைத்திருப்பான். வீட்டில் சண்டை வந்தால், "இப்ப வேணாம், தனியா ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்பான். சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது என்று என் மனைவி கத்தினால், பலகையில் நான்கு கட்டம் போட்டு, "அக்கா, இது அவசரம்தான், ஆனா முக்கியமில்ல" என்று இடது பக்கக் கட்டத்தில் எழுதி வைப்பான். ஒரு நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போயிருந்தாள். இவன் அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். கையை நீட்டினால் திருகு எட்டும். நீட்டினானா? குளியலறைக் கதவைப் பார்த்துக் கணீரென்று குரல் கொடுத்தான்.

"அக்கா, பால் பொங்குது. உன் கவனத்துக்குக் கொண்டுவரேன்!"

பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, தரைக்கு இறங்கியது. இவன் ஒவ்வொரு கட்டத்தையும் அவள் கவனத்துக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவெடுக்கிறவன். நாள் முழுக்க ஊராருடைய கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சாய்வு நாற்காலியில் சாய்ந்து என் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் நான் கேட்பது அவ்வளவுதான். இவன் வந்த பிறகு அந்த நாற்காலி பால்கனிக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை நிற்கிறது. அதைச் சுற்றிலும் மஞ்சளும் பச்சையும் ரோஜா நிறமுமாகத் துண்டுக் காகிதங்கள். சுவரில், குளிர்சாதனப் பெட்டியில், ஒரு நாள் என் முதுகில்கூட. முதுகில் இருந்ததில் 'நிலுவை' என்று எழுதியிருந்தது. கடைவரைக்கும் அப்படியே போய் வந்திருக்கிறேன்.

ஆகையால், வேறோர் ஊரில் ஒரு கம்பெனி, இந்தப் பருவத்துத் திட்டப்பணியில் தேறினால் இவனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்பியபோது, வீட்டில் அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். மச்சினன் எதிர்காலத்தில் எவ்வளவு அக்கறை என்று என் மாமனார் போனில் தழுதழுத்தார். எதிர்காலமாவது ஒன்றாவது! அவன் தேறினால் கூடம் எனக்கு. தேறாவிட்டால் பால்கனி எனக்கு.

திட்டப்பணி இதுதான்: பொதுமக்கள் வந்து சுற்றிப் பார்க்கக் கல்லூரியைத் திறந்துவிடும் திறந்தநாள் அன்று ஐந்து பேர் கொண்ட குழு மைதானத்தில் ஒரு கடை போட்டு நடத்திக் காட்ட வேண்டும். இவர்கள் தேர்ந்தெடுத்தது எலுமிச்சை ஜூஸ் கடை. எனக்கு உயிர் வந்தது. எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர்! இதில் குட்டிச்சுவராக்க என்ன இருக்கிறது?

என் கூடத்தில் கூட்டம் கூடியது. ஐந்து பேரும் மேலாண்மையில் மேலாண்மை. முதல் கூட்டத்திலேயே பதவிகளைப் பிரித்துக்கொண்டார்கள். பழம் வாங்க ஒரு மேலாளர், தரம் பார்க்க ஒருத்தி, வாடிக்கையாளரைக் கவனிக்க ஒருத்தி, ஆபத்துகளை முன்கூட்டியே யோசிக்க ஒருவன். பர்ச்சேஸ், குவாலிட்டி, கஸ்டமர், ரிஸ்க் என்று ஒருவரையொருவர் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த நால்வரையும் ஒருங்கிணைக்க என் மச்சினன்.

ரிஸ்க் என்கிற பையன் முகத்தில் எப்போதும் ஒரு கவலை. "மழை வந்தா?" என்றான். பச்சைக் காகிதம். "காத்துல பந்தல் சாஞ்சா?" மஞ்சள் காகிதம். "ஜூஸ் ரொம்ப நல்லா இருந்து, ஜனங்க திரும்பத் திரும்ப வந்து, நம்மால சமாளிக்க முடியாம போனா?" இதற்கு ரோஜாக் காகிதம் ஒட்டி, ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்தார்கள். மிஞ்சுகிற ஜூஸை என்ன செய்வது என்பதற்கு ஒரு துணைக்குழு அமைந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்.

"அதெல்லாம் சரி, பிழியப் போறது யாரு?"

நல்ல இடத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு மச்சினன் சிரித்தான், குழந்தையிடம் சிரிப்பது போல.

"அக்கா, அது ஆபரேஷனல் டீடெய்ல். அதுக்குள்ள இப்பவே போக வேணாம்."

ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பொறுப்பான பிள்ளைகள். பிழியும் விஷயத்தை முன்னெடுக்கும்படி குவாலிட்டிக்குப் பர்ச்சேஸ் ஒரு மெயில் அனுப்பினான். குவாலிட்டி அதைப் பரிந்துரையோடு கஸ்டமருக்கு அனுப்பினாள். கஸ்டமர் ரிஸ்க்குக்கு. ரிஸ்க், இது ஒருங்கிணைப்பு சம்பந்தப்பட்டது என்று என் மச்சினனுக்கு. என் மச்சினன் அதைக் கவனமாகப் படித்து, பாராட்டி, பர்ச்சேஸுக்கு அனுப்பினான். பர்ச்சேஸ், தான் அனுப்பியது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று திருப்திப்பட்டான். ஐந்து பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஐந்து பேருடைய வேலையும் முடிந்துவிட்டதே!

திறந்தநாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நானும் மனைவியும் மைதானத்துக்குப் போனபோது எங்கும் ஒரே ஜனம், அதில் பாதி ஜனம் எலுமிச்சைக் கடை முன்னால். எனக்கு நெஞ்சு விம்மியது. என்ன ஏற்பாடு! நுழைவாயிலில் டோக்கன், அங்கிருந்து கயிறு கட்டிய பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி, உட்கார நாற்காலி, நாற்காலிக்கு மேலே குடை. ஐந்து பேர் கழுத்திலும் அட்டை. மேசை நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பளபளவென்று துடைத்து வைத்த ஒரே ஓர் எலுமிச்சம்பழம். 'மாதிரி' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"மத்த பழம் எங்கடா?" என்று மச்சினனைக் கேட்டேன்.

"சப்ளையர் எல்லாரையும் பர்ச்சேஸ் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டிருக்கான் மாமா. அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாதில்ல?"

ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை! டோக்கன் வாங்கினார்கள், கயிற்றுக்குள் வளைந்து வளைந்து நடந்தார்கள், குடைக்குக் கீழே உட்கார்ந்தார்கள், கருத்துச் சீட்டில் 'மிக நன்று' என்று எழுதிவிட்டு வெளியே போனார்கள். தொப்பி போட்ட ஒருவர் என்னிடம், "ரொம்ப ஒழுங்கா நடத்தறாங்க சார். அடுத்த ரவுண்டுல ஜூஸ் வரும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார். ஓர் அம்மாள் மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஜூஸ் எங்கம்மா தராங்க?"

"உங்க கேள்விய பதிவு பண்ணிட்டேன் மேடம்," என்றாள் கஸ்டமர். அந்த அம்மாளும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் மதிப்பெண் போடும் பேராசிரியர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமைப் பேராசிரியர் கையில் மதிப்பெண் தாள். திட்டமிடல், டிக். வரிசை நிர்வாகம், டிக். புகார்கள், எதுவுமில்லை, பெரிய டிக். பிறகு பேனா நின்றது. நெற்றி சுருங்கியது.

"ஜூஸ் எங்கப்பா?"

அந்த ஒரு கேள்வியில் என் கூடம், என் நாற்காலி, என் சாயங்காலம் எல்லாம் கண்முன்னால் பால்கனிக்கு நகர்ந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஓடின. அதுதான் வினை. எல்லோரும் மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பழத்தை எடுத்தேன், பக்கத்துக் கடையில் கத்தியும் தம்ளரும் இரவல் வாங்கினேன், பந்தலுக்குப் பின்னால் குந்தி, மனைவியின் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, விதையோடும் தோலோடும் பிழிந்தேன்.

நான் குனிந்து பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் முன்பக்கம் நடந்ததை மனைவி அப்புறம்தான் சொன்னாள். மச்சினன் ஒரு துளி பதறவில்லையாம்.

"சார், எங்க சிறப்புப் பாடம் மேலாண்மை. பிழியறது ஆபரேஷன்ஸ். அவங்க டிபார்ட்மென்ட் பக்கத்து பில்டிங்."

மூன்று பேராசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அவர்களும் மேலாண்மை ஆசிரியர்கள்தானே! தலைமைப் பேராசிரியர், "அதுவும் சரிதான். பொருளே இல்லாதப்ப பொருளோட தரத்துக்கு மார்க் போட முடியாது" என்று அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்துவிட்டு, 'முதல் இடம்' என்று எழுதப் பேனாவை வைத்திருக்கிறார்.

அந்த நிமிஷத்தில்தான் நான் தம்ளரோடு பாய்ந்தேன். "சார், இந்தாங்க ஜூஸ்!"

"மாமா! அது சாம்பிள்!" என்று ஐந்து பேரும் அலறினார்கள். என் மச்சினன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்காகக் கையை நீட்டினான், தம்ளரைப் பிடுங்க. அதற்குள் தலைமைப் பேராசிரியர் குடித்துவிட்டார். முகம் அஷ்டகோணலாகியது. ஒரு கண் மூடிக்கொண்டது. கண் அளவெடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வெகுநேரம் திறக்கவில்லை.

"சர்க்கரை?" என்றார்.

நான் சர்க்கரையை யோசிக்கவே இல்லை. அவர் குறுக்குக் கோட்டை மெதுவாக அடித்துத் திருத்தினார். இப்போது பொருள் இருக்கிறது. ஆகவே தரமும் இருந்தாக வேண்டும். 'மோசம்' என்று எழுதினார். இரண்டாமவர், "அட்டை போடாத ஆள் உள்ள வந்திருக்காரு" என்று எடுத்துக் கொடுத்தார். மூன்றாமவர், "மாதிரிய அழிச்சிட்டாங்க" என்றார். அந்த நாளின் ஒரே புகார், நடந்த ஒரே வேலையின் மேல் வந்தது. அடுத்த பருவத்தில் திட்டப்பணியை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

மறுநாள் சாயங்காலம் என் கூடத்தில் ஆய்வுக்கூட்டம். பலகையில் ஒரு மீனின் முள்ளைப் போலக் கிளை கிளையாகப் படம் வரைந்து, தோல்விக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லா முள்ளும் போய்ச் சேரும் தலையில் 'மாமா' என்று எழுதியிருந்தது.

"இது யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல மாமா. கத்துக்கறதுக்கு," என்றான் மச்சினன், ரொம்பப் பிரியமாக. ரிஸ்க் எழுந்து போய், மழைக்கும் காற்றுக்கும் மேலே ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டினான். அதிலும் என் பேர்தான். நான் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். இப்படியும் ஒரு ஜென்மமா என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். அந்தப் பழம் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது, 'யாராவது அதை எடுத்துப் பிழியலாமே' என்று நினைத்தீர்களா இல்லையா? அந்த 'யாராவது' இருக்கிறாரே, அவரை நம்பித்தான் மேலாண்மைப் படிப்பு முழுவதும் நடக்கிறது. உங்களுக்கு அவரை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருக்கிறது. சரி, அதை விடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் ஏதோ பொங்குகிற வாசனை வருகிறதே, உங்கள் மூக்குக்கு எட்டவில்லையா? எட்டியிருக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாராவது அடுப்ப அணைங்களேன்!" என்று குரலும் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் கல்லூரிக்கெல்லாம் போக வேண்டாம், பட்டத்தை நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.