நாலாவது கூப்பாடு

அன்பான வாசகர்களே, எல்லோரும் சௌக்கியமா? மழைக்கால இருமல் விட்டதா? வீட்டில் பெரியவர்களுக்கு முட்டிவலி தேவலையா? நல்லது. காபியை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மேட்டுநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே பெரும்பாலோர் மேட்டார். ஆற்றோரமாகக் கொஞ்சம் பேர் அக்கரையார். அக்கரையாரின் முன்னோர் ஆற்றைக் கடந்து வந்து முந்நூறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும், நேற்றுத்தான் ஈரக்காலோடு கரையேறியவர்களைப் போல அவர்களைப் பார்ப்பது அந்நாட்டு மரபு.

நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. டவாலி வாசலில் நின்று வழக்காளியின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அதற்குள் ‘ஆஜர்’ என்று குரல் வராவிட்டால் வழக்கு தோற்றது. அப்புறம் பேச்சே இல்லை.

அக்கரையாரில் முதன்முதலாகச் சட்டம் படித்துத் தேறியவர் பரிசலார். வக்கீலாகப் பதிவு செய்யப் பெயரைக் கூப்பிடுவோம், வெளியே இருங்கள் என்றார்கள். கறுப்பு அங்கியைத் தைத்துக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் வாசலில் இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் அனுப்பிய நாற்பத்தோராவது மனுவுக்குப் பதிவேடு திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. திறந்த பக்கத்தில் ஏறிய முதல் பெயர் நீர்வண்ணன். பரிசலாரின் அங்கியையே அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. தைத்துச் சரிசெய்ய அவருக்கு மனம் வரவில்லை.

முதல் வழக்கே ஆலந்துறைப் படித்துறை வழக்கு. நீதித்துறைப் பேரமைச்சர் பெருஞ்செவியாரின் மைத்துனருக்கு ஆற்றங்கரையில் ஒரு கோடைமாளிகை வேண்டியிருந்தது. அதற்காகப் படித்துறையை வளைத்து வேலி போடப் பார்த்தார். பரிசல் ஓட்டும் கயலாத்தாள் வழக்குப் போட்டாள்.

“தம்பி, துறை போச்சுன்னா எழுபது குடும்பம் எங்க போய்த் தண்ணி மொள்ளும்? பரிசலை எங்க கட்டுறது, வானத்துலயா?”

“போகாது அத்தை. பேரைக் கூப்பிட்டதும் சத்தமா ஆஜர்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

மறுவாரமே பேரமைச்சரிடமிருந்து முதல் ஆணை வந்தது. அக்கரையார் தங்கள் பெயரோடு ஊர், அப்பன், பாட்டன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால் டவாலியின் தொண்டை நோகிறது. தொண்டை நலன் கருதி அப்பெயர்களை மெல்லிய குரலில் கூப்பிட வேண்டும்.

டவாலி முரசப்பனுக்குத் தன் தொண்டை நோவது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே? கிசுகிசுத்தார். ஆனால், நீர்வண்ணன் கேட்டுக்கொண்டபடி முற்றத்தில் இருந்த இருநூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகூட அழவில்லை. “ஆலந்துறை நீராழி மகள் கயலாத்தாள்” என்ற கிசுகிசுப்பு கோயில் மணிபோலக் கேட்டது. “ஆஜர்!” வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் பிழைத்தது.

இரண்டாவது ஆணை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூப்பிட வேண்டும் என்றது. உள்ளே வக்கீல் இருந்தார். அவரே ஆஜர் சொன்னார். வழக்கு மறுபடியும் பிழைத்தது.

மூன்றாவது ஆணையைப் பெருஞ்செவியார் மாமன்னரிடம் தாமே வாசித்தார். “இனிமேல் டவாலி பெயரை மனத்துக்குள் மூன்று முறை நினைத்தால் போதுமானது, பிரபு. ஒலி மாசும் குறையும்.”

“இது அக்கரையாருக்கு மட்டுந்தானே?” என்றார் மன்னர்.

“சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று காட்ட வேண்டாமா, பிரபு? எல்லாருக்கும் என்றே எழுதியிருக்கிறேன்.”

மூன்று மாதத்தில் மேட்டார் குயவனுக்குச் சூளை போயிற்று. செக்காட்டுபவனுக்குச் செக்கு போயிற்று. மன்னரின் மாமனார் தம் மாந்தோப்பை, டவாலிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே இழந்தார்.

கயலாத்தாளின் வாய்தா வந்தது. முரசப்பன் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றார். நடுவர் தலையைத் தூக்கினார். “மூன்று முறை நினைத்தாயிற்று. ஆள் இல்லை.”

“ஐயோ, இங்கதான சாமி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!”

“நினைத்தபோது பதில் சொல்லவில்லையே, அம்மா.”

நீர்வண்ணனுக்கு எழுபது குடும்பத்தின் தண்ணீர்க்குடம் தன் தலையில் இருப்பதுபோல இருந்தது. எழுந்தார். டவாலியைச் சத்தியம் செய்வித்து விசாரிக்க அனுமதி கேட்டார். சாட்சிக் கூண்டில் ஏறிய முரசப்பன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“முரசப்பண்ணே, கயலாத்தாள் பேரை நினைச்சீங்களா?”

“நினைச்சேங்க.”

“எத்தனை தடவை?”

முரசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ‘மூணு’ என்று சொல்லிவிட்டால் சம்பளம் பத்திரம். அது அவருக்கும் தெரியும், நீர்வண்ணனுக்கும் தெரியும்.

“எண்ணலீங்க, வக்கீலய்யா. ரெண்டு வாரமா அதே நினைப்புதான். சோத்துல கை வச்சா அந்தம்மா பேரு. செருப்பை மாட்டினா அந்தம்மா பேரு. தூக்கத்துலயும் உளறிட்டேன் போல, என் பெஞ்சாதிகூட கேட்டா, யாருய்யா அந்தக் கயலாத்தான்னு!”

மன்றம் சிரித்தது. நீர்வண்ணன் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டதால் அங்கியின் தொளதொளத்த தோளைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார்.

“கனம் நடுவர் அவர்களே, மூணு தடவைன்னுதான் சட்டம். மூணுக்கு மேல போனது சட்டப்படி கூப்பாடே இல்ல. கூப்பிடாத வழக்கு எப்படித் தோக்கும்?”

நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். போன மாதம் அவருடைய சொந்தத் தென்னந்தோப்பும் இதே சட்டத்தில்தான் போயிருந்தது. ஆகவே மிகுந்த கடமையுணர்வோடு, “வாதம் ஏற்கப்படுகிறது” என்றார். அன்றே வழக்கை முழுதாகக் கேட்டார். ஆலந்துறை அக்கரையாருக்கே என்று தீர்ந்தது.

மாமனாரின் புலம்பல் தாங்காத மன்னர் அமைச்சரை நீக்கினார். நீர்வண்ணனை நடுவராக்கினார். அந்த நாட்டில் நடுவர் நாற்காலியில் அமர்ந்த முதல் அக்கரையார் அவர்தான். அவருடைய முதல் உத்தரவு ஒரே வரி: “எல்லார் பெயரையும் உரக்கக் கூப்பிடவும்.” வேலை போகாமல் தப்பிய முரசப்பன் அன்று கூப்பிட்ட கூப்பாட்டில் கூரைப் புறாக்கள் பறந்துபோயின.

முதல் வழக்கு, முன்னாள் பேரமைச்சருடையது. படித்துறை கிடைக்காத மைத்துனர், பேரமைச்சரின் மாளிகையையே அவருடைய சட்டத்தை வைத்து எழுதி வாங்கியிருந்தார். அதைத் திருப்பிக் கேட்டு மனு.

“நெறிகாத்த பெருஞ்செவியார்!” மூன்று தடவை ஆயிற்று. பதில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு பாதிப் படிக்கட்டில் நிற்கிறார்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்கண்ணே” என்றார் நீர்வண்ணன்.

“மூணு ஆச்சுங்களே! மூணுக்கு மேல செல்லாதுன்னு நீங்கதானய்யா வாதாடினீங்க?”

“அது மனசுல கூப்பிட்டதுக்கு. இது வாயால. கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். பெருஞ்செவியார் மூச்சிரைக்க உள்ளே வந்து ‘ஆஜர்’ என்றார். பிறகு, பழைய கம்பீரம் கொஞ்சம் திரும்பியவராக, “சட்டத்தில் மூன்றுதானே?” என்று கேட்டார்.

“மூணு சட்டத்துக்குங்க. நாலாவது பரிசலாருக்கு. இருபத்தாறு வருஷம் இந்த வாசல்ல நின்னாரு. அவரை ஒரு தடவைகூட யாரும் கூப்பிடல. இன்னைக்கு நான் இங்க உக்காந்திருக்கறது அவரு நின்னதாலதான்.”

பெருஞ்செவியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வீடு அவருக்கே திரும்பக் கிடைத்தது. அன்று முதல் மேட்டுநாட்டில் எல்லாருக்கும் நாலு தடவை கூப்பிடுகிறார்கள். நாலாவதற்குப் பரிசலார் கூப்பாடு என்று பெயர்.

அந்த நாடு வரைபடத்தில் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பெயரை மனத்துக்குள் மட்டும் நினைத்துவிட்டு ஜன்னலை மூடிய அலுவலகம் எது என்று உங்களுக்கே தெரியும். அதைவிட, மூன்றும் முடிந்த பிறகு உங்களுக்காக நாலாவது தடவை கூப்பிட்டவர் ஒருவர் இருப்பாரே, அவர் யார்? எந்த வாசல்? பெயரோடு எனக்கு எழுதுங்கள். ஊர், அப்பன், பாட்டன் எல்லாம் சேர்த்து எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, நான் சத்தமாகவே வாசிக்கிறேன்.