பிள்ளை வண்டிலில் ஒரு மான் கால்

வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒருவர் மான் காலைத் தொங்கவிட்டுப் போனால், ஒழுங்கான மனுஷி ஒருத்தி என்ன செய்ய வேண்டும்? எனக்கு இன்றுவரை விடை தெரியாது. நான் செய்தது விடையல்ல என்பது மட்டும் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவுக்குக் கிட்ட ஒரு சிறிய ஊரில் இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். அகதிகளான எங்களுக்கு விசா இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கிழமை பொலிசில் விசாரணை. அதனால் நான் ஒரு பிழையும் விடாமல் வாழ்ந்துகொண்டிருந்தேன். வாகனமே இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பேன். (மழையிலும்தான்.)

அப்படிப்பட்டவளின் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே தோலோடும் குளம்போடும் ஒரு பின்னங்கால். மேல்மாடி நீல்ஸ் வைத்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், இலையுதிர் காலம் வந்தால் துவக்கோடு காட்டுப் பக்கம் போவார். முதல் நாள் படியில் கண்டு, மான் இறைச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்டார். மரியாதைக்கு ஓம் என்று சொல்லியிருந்தேன்.

என் கணவருக்கு வாயெல்லாம் பல். நானோ கதவைப் பூட்டினேன். என் அப்பா வன்னியில் கிராமசேவகராக இருந்தவர். பேமிற் என்கிற அனுமதி இல்லாத மான் இறைச்சி பிடிபட்டால், சுட்டவனோடு சேர்த்து அடுப்பில் வைத்தவளும் கோட்டுப் படி ஏறுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

"இதுக்குப் பேமிற் இருக்கோ தெரியாது," என்றேன்.

"மான் செத்துப்போச்சு. இனி அதுக்கென்ன பேமிற்?"

"விசாரணையில இதைக் கேட்டா?"

"கேட்டா, கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லும்."

மான் காலைப் பல்கனிக் குளிரில் தொங்கவிட்டு, நூலகத்திலிருந்து வேட்டை விதிகளின் கையேட்டை எடுத்துவந்தேன். இரண்டு நாள் அகராதியோடு படித்தேன். பயத்தில் தொடங்கியது, ருசி பிடித்துவிட்டது. வேட்டைக்காரர் பரீட்சை எழுத வேண்டுமாம். ஆண்டுதோறும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமாம். காணி சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். ஆண் மானுக்கு ஒரு காலம், பெண் மானுக்கு இன்னொரு காலம். பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். காலை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மானுக்கு இவ்வளவு காவலா என்று வியந்தேன். எங்கள் ஊரில் அப்போது மனிதருக்கே இவ்வளவு இல்லை.

கையேட்டில் எல்லாம் இருந்தது. காலைப் பரிசாக வாங்கியவள் என்ன பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. எறிந்துவிடலாம் என்றால், தடயத்தை அழித்ததாக ஆகிவிடும்.

மூன்றாம் நாள், கணவர் மொழி வகுப்புக்குப் போனதும், டேனிஷில் அரைப் பக்கக் கடிதம் எழுதினேன். முதல் வரி: "இந்த மானை நான் கொல்லவில்லை." மான் காலை மகளின் கால்மாட்டில் வைத்து, போர்வையால் மூடி, பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். வழியில் குழந்தையைக் கொஞ்சக் குனிந்த ஒரு மூதாட்டி, போர்வைக்கு வெளியே ஒரு சிறிய சப்பாத்தையும் ஒரு குளம்பையும் கண்டு, நிமிர்ந்து தெருவைக் கடந்து போய்விட்டார்.

பொலிஸ்காரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, காலைத் தந்தது யார் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்த நான் நீல்ஸின் பெயரைச் சொல்ல வேண்டும். சீருடைக்காரரிடம் ஒரு பெயரைக் கொடுத்தால் அந்த ஆள் வீடு திரும்பாமலே போகலாம் என்று அறிந்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

"தெரியாது," என்றேன். "வைத்ததை நான் பார்க்கவில்லை." (பார்க்கவில்லைதானே.) பொலிசில் சொன்ன முதல் பொய். திருப்பி அனுப்பும் விமானத்தின் படிக்கட்டு கண்ணில் தெரிந்தது.

அவர் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். விளையாட்டுச் சாமானைப் பறித்துவிட்டார்கள் என்று மகள் வீரிட்டாள். அவர் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"நீல்ஸும் நானும் ஒரே வேட்டைக் குழு. மற்றக் கால் என் வீட்டில் இருக்கிறது."

சாப்பிட அனுமதி தேவையில்லையாம். கடிதத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அன்று பின்னேரமே நீல்ஸ் வந்தார், ஒரு கையில் வேட்டை அட்டை, மற்றதில் என் கடிதம். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, கையேடு முழுவதையும் வாசித்தீர்களா என்று கேட்டார். பரீட்சைக்குப் பிறகு தான் அதைத் திறக்கவே இல்லையாம்.

விசா கிடைத்தது. எங்கள் வீட்டில் பொலிசைக் கேட்டுத்தான் தாளிப்பது என்று கணவர் எல்லா விருந்திலும் சொல்கிறார். நான் அந்தக் குழுவின் விதிக் கணக்கப்பிள்ளை ஆகிவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் நீல்ஸ் தொலைபேசியில் கேட்பார். எந்த மான், எந்தத் திகதி என்று இரண்டு தரம் சரிபார்த்துச் சொல்வேன். அதன் பிறகே துவக்குகள் வெளியே வரும்.

போன கிழமை, இப்போது பள்ளிக்கூடம் போகும் மகள் டேனிஷில் கேட்டாள்: "அம்மா, நீங்கள் திகதி சொல்லாவிட்டால் அந்த மான் உயிரோடு இருக்குமா?"

நீல்ஸ் இந்தக் கிழமை அழைப்பார். சட்டம் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து உடனே எழுதுங்கள்: வேட்டை தொடங்கும் திகதியை இரண்டு நாள் பிந்திச் சொன்னால், அது குற்றமா?