பூதத்துக்கு நாடி பார்த்தவர்

அக்கரப்பத்தனைப் பக்கம் நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரைப் போல, பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆள் இந்த உலகத்தில் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் போய் வேலைக்குப் பேர் கொடுக்க மனமில்லாமல், "வயித்து வலிங்க ஐயா" என்று டிஸ்பென்சரி வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். மனுஷர் மூன்று விரலால் மணிக்கட்டைப் பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை மூடுவார். "ஒனக்கு வயிறு வலிக்கல. மழையில மலை ஏறணும்னுதான் வலிக்குது. போ." அவ்வளவுதான். போனவர்கள் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. தோட்டமே அவரை நாடி ஐயா என்றுதான் கூப்பிட்டது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்.

ஐம்பதுகளின் நடுவில் என்று ஞாபகம். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை எடுத்து அதில் ஒரு மாய ராஜ்ஜியத்தை வரைந்திருந்தார். ஏழு மலை, ஏழு குகை, நடுவில் ஒரு கடல். கடலுக்குப் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து, எரிமலைக்குச் சிவப்பு மருந்து. காய்களுக்குப் பதில் மருந்துப் போத்தல் தக்கைகள். மாத்திரைப் பெட்டியை வெட்டி நாலு சீட்டு: ராஜகுமாரன், பூதம், கிளி, மந்திரவாதி. சீட்டை எடுத்தவர் அதை ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும். தக்கையை ஒரு குகைக்கு நகர்த்தி, யாரையாவது ஒரு கேள்வி கேட்கலாம். எல்லாரும் உண்மை சொல்ல வேண்டும், மந்திரவாதி மட்டும் பொய் சொல்லலாம். ஏழு சுற்றுக்குள் அவன் யாரென்று கண்டுபிடிக்காவிட்டால் எல்லாரும் கல்லாகிவிடுவோம்.

இதுவரை எனக்குப் புரிந்தது. இதற்கு மேல் இன்றுவரை புரியவில்லை.

ஏனென்றால் விதிகளை அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எழுதியது டிஸ்பென்சர் கை. 'பூதம் தினம் மூன்று வேளை கேட்கலாம், சாப்பாட்டுக்குப் பின்' என்று ஒரு விதி. 'கிளி, நன்றாகக் குலுக்கியபின் பேசும்' என்று இன்னொன்று. கேட்டால், "அது அப்படித்தாங்க தம்பி, போகப்போகத் தெரியும்" என்பார். போகப்போக விதிதான் கூடியது. ஒரு வாரம் பூதமும் பொய் சொல்லலாம் என்றார். அடுத்த வாரம், மலைமேல் நிற்கும்போது மட்டும் என்றார். அதற்கடுத்த வாரம் அப்படிச் சொல்லவே இல்லை என்றார்.

ஞாயிறுதோறும் அவர் வீட்டில் விளையாடியது நாலு பேர். நாடி ஐயா, அவர் தங்கை தங்கம், பெக்டரியில் தேயிலை பதம் பார்க்கிற டீமேக்கர், நான். டீமேக்கர் இரவெல்லாம் பெக்டரியில் கண் விழிக்கிறவர், அதனால் ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தட்டி எழுப்பிக் கேள்வி கேட்டால், "நான் கிளி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடுவார். சீட்டைத் திருப்பினால் மந்திரவாதியாக இருக்கும்.

அப்படியானால் நான் ஏன் ஒரு ஞாயிறு தவறாமல் போனேன்? தங்கத்துக்காகத்தான், வேறெதற்கு? தாய் தகப்பன் இல்லாத பெண். அண்ணன்தான் வளர்த்தார், அவரும் கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்டார். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை. அந்தக் காலத்தில் வயசுப் பையனோடு வயசுப் பெண் நின்று பேச முடியுமா? விளையாட்டில் மட்டும் பேசலாம், பேசியே ஆக வேண்டும். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ஒங்க குகையில யாரு இருக்காங்க?" என்பது. யாருமே இல்லை என்றேன். அது உண்மை. ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது.

இதில்தான் நாடி ஐயா புகுந்தார். மந்திரவாதியைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அவர் பதில் சொல்கிறவன் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். டீமேக்கர் தூக்கத்திலேயே பொய் சொல்வதால் அவர் நாடி அசையாது. தங்கம் கையை அவர் பிடிப்பதே இல்லை, "என் தங்கச்சி பொய் சொல்லாது" என்று ஒரே பேச்சு. மிச்சம் நான். எதிரே தங்கம் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, என் நாடி குதிரையாய் ஓடும்.

"பிடிச்சிட்டேன்! தம்பிதான் மந்திரவாதி!"

சீட்டைத் திருப்புவேன். ராஜகுமாரன். அடுத்த ஆட்டம், "தம்பிதான்!" கிளி. அதற்கடுத்தது பூதம். வரிசையாக எல்லாரும் கல்லானோம். டிஸ்பென்சரியில் ஒரு நாளும் தோற்காத மனுஷர் தன் வீட்டில் ஒரு நாளும் ஜெயிக்கவில்லை. வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், தன் விரலையே உற்றுப் பார்த்தார். பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியுமா?

பிறகு ஒரு புதன்கிழமை ஆபீசுக்கு வந்து என் கையைப் பிடித்தார். நாடி எழுபத்திரண்டு. தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஞாயிறு பிடித்தார், நூற்றுப்பத்து. "ஞாயித்துக்கெழம மட்டும் வர்ற வியாதி ஒண்ணு இருக்கு போலிருக்கே" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தேங்காய் கூடாது, கருவாடு கூடாது, படி ஏறக் கூடாது. விளையாட உட்காருமுன் ஒரு கசப்புக் கலவை குடிக்க வேண்டும். அந்தக் கசப்போடு தங்கத்தைப் பார்த்துச் சிரித்த என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை என் மனைவி இன்றும் நடித்துக் காட்டுவாள். நல்லவேளை, எங்கள் வீட்டுக்கு அதிகம் பேர் வருவதில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு, மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். பலகையை விரித்தவர் சீட்டைப் போடவில்லை.

"தம்பி, ஒங்க நெஞ்சு சரியில்லீங்க. இந்த ஒசரமும் குளிரும் ஒங்களுக்கு ஆகாது. வட்டவளைப் பக்கம் கீழ ஒரு தோட்டத்துக்கு மாத்திவிடச் சொல்லி தொரைக்கு லெட்டர் எழுதிட்டேன்."

எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. டிஸ்பென்சர் எழுதினால் தோட்டத்தை நடத்துகிற துரை மறுக்க மாட்டார். வட்டவளைக்குப் போனால் தங்கம் இல்லை, ஞாயிறு இல்லை. ஒன்றும் இல்லை.

டீமேக்கர் கண் விழித்து, "அப்ப நான் கிளி இல்லியா?" என்று கேட்டார்.

தங்கம் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டினாள். "அண்ணே, என் கையக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க."

"ஒனக்கென்ன?"

"பிடிச்சுப் பாருங்கண்ணே."

பிடித்தார். வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் வாட்சைப் பார்த்தார். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றார்.

"நூத்திப் பதினெட்டு! ஐயோ, ஒட்டுவாரொட்டி! இது தொத்து வியாதி! சன்னலத் தொறங்க! டீமேக்கரே, தள்ளி ஒக்காருங்க!"

டீமேக்கர் நகரவில்லை. கொட்டாவி விட்டுவிட்டு, அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக முழு வாக்கியங்களாகப் பேசினார். "ஐயா, பதறாதீங்க. எனக்கும் சின்ன வயசுல இது வந்திச்சு. எங்க வீட்ல கல்யாணம் பண்ணி வச்சாங்க, சொகமாயிருச்சு."

தங்கம் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். நான் பலகையிலிருந்த ஊதாக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடி ஐயா மெதுவாக நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு, "கசப்பு மருந்த இனிமே நிப்பாட்டிரலாம், மாப்ள" என்றார்.

அந்த 'மாப்ள'யைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. லெட்டரைத் துரையிடம் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. தேதியைப் பார்த்தால், எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"குடுத்தா நீங்க போயிருவீங்க. குடுக்காட்டி செத்துப் போயிருவீங்களேன்னு பயம். தெனமும் ஆபீஸ் வாசல் வரைக்கும் வருவேன், ஒங்களப் பாப்பேன், திரும்பிருவேன்" என்றார். "ஞாயித்துக்கெழமைக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

அவர் வாசல் வரை வந்து திரும்பியதை நானும் ஜன்னல் வழியே பார்த்திருந்தேன். என் கள்ளத்தனம் தெரிந்துபோயிற்று, அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஃபைலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. தங்கம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். அவளைப் பார்க்க இனி நான் அந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை ஒரு ஞாயிறு விடாமல் போய், ஒன்றுமே புரியாமல், அவரோடு உட்கார்ந்து கல்லாகிவிட்டு வந்தேன்.