மேம்பாலம் ஏறாத வண்டியைக் குறித்து மாப்பிள்ளைக்கு

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் நிறைந்த ஆசிகளுடன் வரைவது. இறையருளால் தங்கள் அத்தையும் நானும் நலம்; நலமற்றிருந்தது தாங்கள் எனக்கு அன்பளிப்பாகத் தந்த கார் ஒன்றே. நெஞ்சு நோக எழுதுகிறேன்: இன்று காலை அதை விற்றுவிட்டேன்.

"மாமா, இனிமே நீங்க பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிக்கக் கூடாது" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினீர்களே, அதற்கு இதுவா கைம்மாறு என்று தாங்கள் கேட்கலாம். வாகனத்தை நான் தெய்வமாக மதிப்பவன், காலணியைக் கழற்றிக் காலருகே ஒதுக்கிவைத்து, திருநாமம் சொல்லித்தான் ஓட்டுவேன், இறங்கும்போதுதான் அணிவேன், இருந்தும் என்ன, ஆக்சிலேட்டரை மிதித்தால் பாதியோடு நின்றுவிடும், எஞ்சின் முனகும், வேகம் ஏறாது, மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், அவர் எஞ்சினுக்குக் காற்றை அளந்துவிடும் த்ராட்டிலைக் கழற்றிக் கரியைத் துடைத்தார், பெடலின் சென்சாரை மாற்றினார், தாமே ஓட்டிப் பார்த்தார், அவருக்கு மட்டும் பறந்தது, திரும்பி வந்து, "பெரியவரே, வண்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க மிதிக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?" என்றார். நான் ஏறினேன், மறுபடி அதே முனகல். முற்பிறவியில் ஆமையாய் இருந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். போன வாரம் மேம்பாலத்தில், பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்து என் குலத்தையே வாழ்த்த, தங்கள் அத்தை, "நீங்க மெதுவா வாங்க, நான் போய் உலை வைக்கிறேன்" என்று இறங்கி நடந்துவிட்டாள். நான் வந்து சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

தெரிந்தே பழுதான வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று உறவினர் நடுவே தங்களைக் குறை சொன்னேன். இப்போது தங்களை முழுமனத்தோடு மன்னித்துவிட்டேன். குறையை மறைத்து விற்பது அறமன்று. ஆகவே வாங்க வந்த தையல் கடைக்காரரை அருகில் அமர்த்தி, நானே ஓட்டி, அது ஊர்வதைக் காட்டி, அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். துக்கத்தில் திரும்பிப் பாராமல் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

தாங்களும் என் மகளும் குறைவின்றி நெடுங்காலம் வாழ்க. வழித்துணையாய் இறைவன் நிற்க.

இங்ஙனம்,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வாசலில் கார் பறந்து வந்து நின்றது. தையல் கடைக்காரர் கையில் என் செருப்புகள். "ஐயா, ஒண்ணு ஆக்சிலேட்டருக்கு அடியில செருகிக் கிடந்துச்சு. எடுத்தேன், அம்பா பாயுது!"

தங்கள் அத்தை கேட்டாள்: "மெக்கானிக்கிட்ட போனப்ப செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் இறங்குனீங்களா?"

இறங்கினேன், மாப்பிள்ளை. கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற எனக்கு மனமில்லை, வண்டி போயிற்று. மேலே தங்களுக்கு வழங்கிய மன்னிப்பை மட்டும் அருள்கூர்ந்து எனக்கே திருப்பி அனுப்பவும். பஸ்ஸுக்கு நிற்கச் செருப்பு இருக்கிறது.