கிரிஜாவின் தட்டு

"மேடம் எங்கே சார்?"

மேசையில் இரண்டு தட்டுகளை வைத்துவிட்டுச் சமையற்காரி கிரேஸ் கேட்டாள். மலாவி ஏரிக்கரையில், கடைசி ஊரையும் தாண்டி மணலில் நின்ற அந்த விடுதியில் அவளைத் தவிர ஆளில்லை. பாலகிருஷ்ணனை இறக்கிவிட்ட ஜீப்பும் திரும்பிப் போய்விட்டது.

மனைவி கிரிஜா இறந்து ஏழு மாதம். அவருடைய பணி ஓய்வுக்காக இருவர் பெயரிலும் அவள் பதிவு செய்து வைத்திருந்த பயணம் இது. பிளாக்டவுன் வீட்டிலிருந்து பிடிவாதமாக அனுப்பி வைத்தது மகள் யாமினி. 'இறந்துட்டா' என்ற சொல்லை அவர் வாய் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தூங்குறா," என்றார்.

வந்தது வினை. மேடத்தின் தட்டு குடிலுக்கே வந்து சேர்ந்தது. சோறு, பருப்பு, கீரை. அவர் அதை இருட்டோடு ஏரியில் கொட்டினார். அலை பொறுப்பாக அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து, கிரேஸ் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒதுக்கியது.

"மேடத்துக்குப் பிடிக்கலையா சார்?"

"பிடிச்சுது, ரொம்பப் பிடிச்சுது! கை தவறிடுச்சு."

மறுவேளை இரண்டு மடங்கு சோறு வந்தது. தன் தட்டை வழக்கம்போல் அளைந்து வைத்தவர், கிரிஜாவின் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஊரில் மேய்ஸ் ஹில் கோயில் பிரசாதத்தைக்கூடப் பாதியில் நிறுத்தி, "முடியலைங்க, நீங்க முடிச்சிடுங்க," என்று அவர் பக்கம் தள்ளுகிறவள் கிரிஜா.

"முருகா, சோத்துலயும் பொய்யா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தட்டை முடித்தார்.

"அவளுக்கு வயிறு சரியில்லை," என்று அளவைக் குறைக்கப் பார்த்தார். சோற்றோடு கஞ்சியும் வந்தது. "சரியாயிடுச்சு," என்றார். அந்தச் சந்தோஷத்துக்கு வாழைப்பழ கேக் வந்தது. டீயும் பிஸ்கட்டுமாக ஏழு மாதம் ஒடுங்கிக் கிடந்த வயிறு, பெல்ட்டைப் பழைய ஓட்டைக்குத் தள்ளியது.

கிளம்புகிற காலையில் ஜீப் வந்து நின்றது. கிரேஸ் இரண்டு பொட்டலங்களை நீட்டினாள். "இது உங்களுக்கு. இது மேடத்துக்கு, வழியில சாப்பிட."

ஜீப்பில் ஏறப்போவது ஒருவர்தான். இனி ஒளிய இடமில்லை.

"பொய் சொல்லிட்டேன் கிரேஸ். கிரிஜா... இறந்துட்டா."

சொல்லியேவிட்டார். ஏரி அப்படியேதான் கிடந்தது.

கிரேஸ் பொட்டலத்தைத் திரும்ப வாங்கவில்லை. அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"தெரியும் சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க மக போன் பண்ணினா. 'அப்பா தன் தட்டைத் தொட மாட்டார், அம்மா தட்டை மட்டும் மிச்சம் விடமாட்டார்'னு சொன்னா."