நரி இழுத்த அம்பும் நனைந்த வளையும்

ஒரு காட்டில் ஓர் ஓடை. ஓடை என்றிருந்தால் வெள்ளம் வராமல் இருக்குமா? மேட்டில் தண்ணீர் ஏறினால், பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருக்கும் முயலுக்கு உடனே தெரிய வேண்டும். அது ஆறு குட்டிகளுக்குத் தாய், பாவம்.

அதற்காகச் சிங்க ராசா மேட்டிலிருந்து பள்ளம்வரை நாலு கணினிப் பெட்டிகளை வைக்கச் சொன்னார். ஒன்று அடுத்ததற்குச் சொல்லி, அது அதற்கடுத்ததற்குச் சொல்லி, கடைசிப் பெட்டி முயல் வாசலில் மணி அடிக்க வேண்டும்.

வேலையை நரி எடுத்தது. நரி நிரல் எழுதாது, படம்தான் போடும். நாலு கட்டம், நடுவில் மூணு அம்பு. பொத்தானை அமுக்கினால் ஒரு கருவி அந்தப் படத்தைப் பார்த்து நாலு பெட்டிக்கும் நிரலைத் தானே எழுதிவிடும்.

பெட்டிகளைச் சுமந்துபோய் வைத்த கீரி கேட்டது: "அண்ணே, மழையில சேதி பாதி வழியில காணாமப் போனா?"

"படத்துல பாரு. அம்பு போய் முட்டுதா இல்லையா?"

"முட்டுது."

"அப்புறம் என்ன?"

கீரிக்கு மனசு கேட்கவில்லை. கருவி எழுதிய நிரலுக்குள் புகுந்து, 'பதில் வரும்வரை சொன்னதையே சொல்லு' என்று ஒரு வரியைக் கையால் சேர்த்தது. முதல் மழைக்கு மணி கணீரென்று அடித்தது. முயல் குட்டிகளோடு மேடேறியது. பாராட்டு நரிக்கு.

மறுவாரம் ராசா படத்தைப் பார்த்தார். "மேட்டுப் பெட்டி என் குகை வாசல்லதானே இருக்கு? அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடிச்சா என்னய்யா?"

நரி மஞ்சள் அடித்துப் பொத்தானை அமுக்கியது. கருவி எல்லா நிரலையும் புதுசாக எழுதிவிட்டது. கீரியின் வரி போன இடம் தெரியவில்லை.

அடுத்த மழையில் மூணாவது பெட்டி ஒரே ஒரு தடவை சொன்னது. சேதி வழியிலேயே தொலைந்தது. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த முயலின் வயிற்றைத் தண்ணீர் தொட்டது. அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் புதரில் போட்டது. வளை போயே போய்விட்டது.

ஈரம் சொட்டச் சொட்டச் சபைக்கு வந்தது முயல். "நரியண்ணே, மணி அடிக்கலை. என் வீடு போச்சு."

நரி படத்தை விரித்து நாலாவது கட்டத்தைக் காட்டியது. "இந்தா உன் வளை. நனைஞ்சிருக்கா?"

"படத்துல நனையலை."

"நான் இதுக்குத்தான்மா பொறுப்பு."

கீரி முன்னால் வந்தது. "ராசா, நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். புதுசா எழுதினதுல அது அழிஞ்சிடுச்சு."

"அப்போ நிரல்ல கை வெச்சவன் நீதானா?" என்றார் ராசா. கீரிக்கு அன்றோடு வேலை போனது.

"இனிமே ஒரு சேதியும் தொலையக் கூடாது" என்று உத்தரவானது. நரி யோசித்தது. முயல் வாசலுக்கான நாலாவது கட்டத்தையும் அதற்குப் போகும் அம்பையும் அழித்துவிட்டுப் பொத்தானை அமுக்கியது. இன்றுவரை அந்தக் காட்டில் ஒரு சேதிகூடத் தொலைந்ததில்லை.

"உன்னைப் படத்துலேர்ந்து எடுத்தாச்சு" என்று முயலிடம் சொன்னது நரி. "உனக்கு இனி வெள்ளப் பயமே இல்லை, போம்மா."

நீதி: வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் தண்ணீரை இறைத்துக் கையை நோகடித்துக்கொள்ளாதீர்கள், படத்தில் வீட்டை அழித்தால் போதும்.